கேவண்டிஷ் வீட்டு வில்லங்கச் சான்று

ஒரு குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்காதே, வில்லங்கச் சான்றைப் பார் என்று எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் சொல்லுவார். பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஷெஃபீல்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்தில் டெர்பிஷயர் மலைகளுக்கு நடுவே இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அழைத்துப்போனாள். டெவன்ஷயர் டியூக்குகள், அதாவது கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. வந்தவர்களெல்லாம் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ, இது யார் பேரிலிருந்து யார் பேருக்கு வந்தது, இத்தனை நூற்றாண்டு எப்படிப் பாகம் பிரியாமல் நின்றது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது மனசை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குளறுபடி. பட்டம் டெவன்ஷயர், வீடும் நிலமும் டெர்பிஷயர். இங்கிலாந்து வரைபடத்தில் முதலாவது தென்மேற்கு மூலை, இரண்டாவது நடுப்பகுதி. மாவட்டம் மாறிப்போன பத்திரம் எங்களிடம் வந்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

மூலப் பத்திரம் 1549ஆம் வருஷத்தது. சாட்ஸ்வொர்த் பண்ணையை வில்லியம் கேவண்டிஷ் 600 பவுண்டுக்கு வாங்கினார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பிடுங்கியபோது அந்தக் கணக்கு வழக்குகளைப் பார்த்த அரசு அதிகாரி அவர். வேலையோடு வேலையாக அவருக்கும் நிலம் சேர்ந்தது. கடைசிக் காலத்தில் தணிக்கை வந்தது. ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் கணக்கு உதைத்தது. பதில் சொல்லி முடிப்பதற்குள் 1557இல் மனிதர் கண்ணை மூடிவிட்டார். தணிக்கை ஆட்சேபணை என்றால் என்ன என்பது தெரிந்தவர்களுக்கு அந்த மரணத்தின் மர்மம் கொஞ்சம் புரியும்.

ஆனால் வாங்கச் சொன்னது அவர் மனைவி பெஸ். ஹார்ட்விக் என்ற ஊரில் நடுத்தரமான நிலக்காரர் வீட்டில் பிறந்த பெண். கணவருக்கு வேறு இடத்தில் இருந்த நிலங்களை விற்கவைத்து, தன் பிறந்த ஊர்ப் பக்கம் குடும்பத்தைக் கொண்டுவந்தவள். நாலு கல்யாணம் செய்துகொண்டாள். ஒவ்வொரு கணவர் இறந்தபோதும் முன்பைவிடக் கூடுதலான சொத்தோடு வெளியே வந்தாள். மூன்றாமவர் செயின்ட் லோ, சொந்த ரத்தத்தை ஒதுக்கிவிட்டு இவள் பேருக்கு எழுதிவைத்தார். நாலாவதாக ஷ்ரூஸ்பரி பிரபுவைக் கட்டியபோது, தன் பிள்ளைகளில் ஒரு மகனையும் ஒரு மகளையும் அவருடைய மகளுக்கும் மகனுக்கும் கட்டிவைத்துக் கணக்கை இறுக்கினாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நமக்குப் பழகிய விஷயம்தான். மாமியாரும் மாமனாரும் தாங்களே மணமக்களாக அதே சமயத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. சிறையில் வைக்கப்பட்ட ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவல் காக்கும் பொறுப்பு பல வருஷம் இந்தத் தம்பதியிடம்தான் இருந்தது. அந்தச் செலவும் சந்தேகமும் சேர்ந்து கடைசியில் கணவன் மனைவி ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாமல் போனது வேறு கதை.

வயதான காலத்தில் அவள் கட்டிய ஹார்ட்விக் ஹாலின் கோபுரங்களின் உச்சியில், தன் பெயரின் முதலெழுத்துகளைப் பெரிதாகக் கல்லில் செதுக்கிவைத்திருக்கிறாள்.  மூத்த மகன் ஹென்றியை அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் சாட்ஸ்வொர்த் அவனுக்குத்தான் போனது. வீட்டுக்குள் இருந்த சாமான்கள் இளையவன் வில்லியத்துக்கு. 1608இல் அவள் இறந்த கொஞ்ச நாளில், அண்ணனிடமிருந்து தம்பியே வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டான். அந்த வில்லியம்தான் பிறகு முதல் டெவன்ஷயர் பிரபு. அண்ணன் தம்பிக்குள் சொத்து கைமாறுவதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, தினம் பார்த்த காட்சி.

அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் இவர்கள் அரசியல் நேராகப் போயிற்று. 1688இல், கத்தோலிக்கரான அரசர் இரண்டாம் ஜேம்ஸை இறக்கிவிட்டு ஹாலந்திலிருந்து இளவரசர் வில்லியத்தை வரச்சொல்லி ரகசியக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஒருவர் இந்த வீட்டுக்காரர். கூலியாக 1694இல் அதைவிடப் பெரிய டியூக் பட்டம். அதன்பின், அரசரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட நினைத்த விக் கட்சி என்றால் கேவண்டிஷ், கேவண்டிஷ் என்றால் விக்.

இங்கே அவர்களுடைய சொத்து முறையைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் மூத்த மகனுக்கு. அவனுக்கும் முழு உரிமை கிடையாது. விற்க முடியாதபடி அடுத்த தலைமுறைக்குக் கட்டிவைத்துவிடுவார்கள், அனுபவ பாத்தியதை மட்டும்தான் அவனுக்கு. மற்ற மகன்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று படி. மகள்களுக்கு வரதட்சணை. பாகப்பிரிவினை என்ற பேச்சே இல்லை. நிலம் பிரியாததால் குத்தகைதாரர்களும் பிரியவில்லை, குத்தகைதாரர்களின் ஓட்டும் பிரியவில்லை. ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை யாருக்குப் போட்டாய் என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். டியூக் பிரபுக்கள் சபையில், மகன் மக்கள் சபையில், தம்பிகளும் மக்கள் சபையில். இதைவிட எளிதாக ஒரு கட்சி நடத்த முடியாது.

ஆனால் எனக்குப் பட்டது வேறு ஒன்று. சேர்த்தது எல்லாம் பெண்கள் வழியாக வந்தது. நாலாவது டியூக் 1748இல் சார்லட் பாயில் என்ற பெண்ணைக் கட்டினார். பர்லிங்டன் பிரபுவின் வாரிசு. அவள் பின்னால் வந்தவை: லண்டனில் பர்லிங்டன் ஹவுஸ், சிஸ்விக் ஹவுஸ், யார்க்ஷயரில் போல்டன் ஆபி, அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டை. அவள் 1754இல் இளம் வயதிலேயே பெரியம்மையில் இறந்துபோனாள். அவர் 1756இல் பிரதமரானார், ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. இந்தக் குடும்பத்திலிருந்து வந்த ஒரே பிரதமர் அவர்தான். நாங்கள் அலுவலகத்தில் எத்தனை விடுதலைப் பத்திரம் பதிந்திருப்போம்! அக்கா தங்கைகள் வந்து, பாகம் வேண்டாம் என்று தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே மரத்தடியில் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்த பிறகு அந்த வரிசை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. சாட்ஸ்வொர்த்தில் சார்லட்டின் சொத்துப் பட்டியலைப் படித்தபோது அந்த மரத்தடிதான் ஞாபகம் வந்தது.

சார்லட்டின் மகன் ஐந்தாவது டியூக். அவர் 1774இல் கட்டிக்கொண்டு வந்த பெண் ஜார்ஜியானா ஸ்பென்சர், வயது 17. இவளைப் பற்றித்தான் உலகத்துக்கே தெரியும், ஆகையால் நான் கொஞ்சமாகச் சொல்கிறேன். தலையலங்காரத்தில் நீளமான இறகு வைத்து லண்டனையே வைக்கவைத்தவள். 1784 தேர்தலில் விக் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் கசாப்புக் கடைக்காரர் வீடு வரை போய் ஓட்டுக் கேட்டாள். முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினாள் என்று கேலிச்சித்திரம் போட்டுத் தீர்த்தார்கள். அவளுக்கு ஓட்டு கிடையாது. ஆண்கள் அதே வேலையைச் சாராயம் வாங்கிக் கொடுத்துச் செய்தபோது அதற்கு ஊர்வழக்கம் என்று பெயர். ஃபாக்ஸ் ஜெயித்தார்.

வீட்டுக்குள் வேறு கூத்து. அவளுடைய சிநேகிதி எலிசபெத் ஃபாஸ்டர் அதே வீட்டில் தங்கி டியூக்குக்கு இரண்டு பிள்ளை பெற்றாள். ஜார்ஜியானாவுக்குச் சார்லஸ் கிரே என்ற இளம் அரசியல்வாதியிடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது, 1792இல், பிரான்சில் மறைவாக. குழந்தையை கிரேயின் பெற்றோர் வளர்த்தார்கள். டியூக்கின் பிள்ளைகள் டியூக் வீட்டில், டியூசஸின் பிள்ளை கண்காணாத ஊரில். அந்த கிரே பிற்பாடு பிரதமராகி 1832இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். டீத்தூள் டப்பாவில் ஏர்ல் கிரே என்று பார்க்கிறோமே, அது அவர் பெயர்தான். ஜார்ஜியானா கடைசிவரை சூதாட்டக் கடனைக் கணவரிடம் முழுசாகச் சொல்லவே இல்லை. 1806இல் அவள் இறந்த பிறகுதான் மொத்தத் தொகை தெரிந்தது. மூன்று வருஷத்தில் டியூக் சிநேகிதியையே கட்டிக்கொண்டார்.

அவள் மகன் ஆறாவது டியூக், கல்யாணமே செய்துகொள்ளாதவர். அரசியலைவிட அவருக்குத் தோட்டம் பெரிது. ஜோசப் பாக்ஸ்டன் என்ற 22 வயதுப் பையனை 1826இல் தலைமைத் தோட்டக்காரனாக எடுத்தார். அவன் விடிகாலை நாலரைக்கு வந்து, கேட் பூட்டியிருந்ததால் ஏறிக் குதித்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆட்களுக்கு வேலை கொடுத்து, ஒன்பது மணிக்குள் வீட்டு மேற்பார்வையாளரின் உறவுப் பெண்ணைக் காதலிக்கவும் ஆரம்பித்துவிட்டான் என்று அவனே எழுதிவைத்திருக்கிறான். அவளைத்தான் கட்டிக்கொண்டான். டியூக் ஒரு தோட்டக்காரரை இந்தியாவுக்கே அனுப்பி ஆர்க்கிட் செடிகள் வரவழைத்தார். பாக்ஸ்டனின் கண்ணாடி வீட்டில் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழை 1835இல் பூத்தது. அதற்கு டியூக்கின் குடும்பப் பெயரை வைத்தார்கள். கேவண்டிஷ் வாழை. பனாமா வாடல் நோயில் பழைய ரகம் அழிந்துபோனதும் உலகச் சந்தையே இதற்கு மாறியது. நம்மூர்க் கடையில் பச்சைப் பழம் என்று வாங்குவதும், தேனிப் பக்கம் ஏற்றுமதிக்குப் போடும் ஜி9 ரகமும் இந்த வகைதான். டியூக் பட்டத்தில் ஒருவர் பெயரும் தெரியாத ஊர்களில்கூட இவர்கள் குடும்பப் பெயரைத் தினமும் உரித்துத் தின்கிறார்கள்.

ஏழாவது டியூக் கேம்பிரிட்ஜுக்குக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார், 1874இல் திறந்தது. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த இடம். அவர் நல்ல கணிதக்காரர். அதைத் தாண்டி அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருடைய இரண்டு மகன்களைப் பற்றி இருக்கிறது.

மூத்தவர் ஹார்டிங்டன் பிரபு, பிற்பாடு எட்டாவது டியூக். 1880 முதல் 1882 வரை இந்தியாவுக்கான அமைச்சர். நம்மை ஆண்ட மேஜை இவருடையது. தன் பேச்சின் நடுவில் தானே கொட்டாவி விட்டவர் என்று பெயரெடுத்தவர். மூன்று தடவை பிரதமர் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றார். பதவிக்காக யார் காலிலும் விழுகிற அரசியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தியாகம் மாதிரி தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை ஏக்கர் பின்னால் இருக்கிறவனுக்குப் பிரதமர் பதவி கூடுதல் தலைவலி. குதிரைப் பந்தயம் விட்டுப்போகும். மான்செஸ்டர் டியூக்கின் மனைவி லூயிஸோடு அவருக்கு முப்பது வருஷத் தொடர்பு, ஊரறிந்த ரகசியம். அவள் கணவர் இறந்தபின், 1892இல், இவர் 59 வயதில் அவளைக் கட்டிக்கொண்டார். ஊர் அவளை இரட்டை டியூசஸ் என்றது.

தம்பி ஃப்ரெடரிக். இவர் மனைவி லூசி, பிரதமர் கிளாட்ஸ்டனின் மனைவிக்கு உடன்பிறந்தவள் மகள். அயர்லாந்து நிர்வாகத்துக்கு அனுப்பினார் கிளாட்ஸ்டன். 1882 மே 6ஆம் தேதி டப்ளினில் பதவி ஏற்றார். அன்று மாலையே ஃபீனிக்ஸ் பார்க்கில் அதிகாரி பர்க்கோடு நடந்துபோகும்போது, ரகசியக் குழு ஒன்று அறுவை சிகிச்சைக் கத்தியால் இருவரையும் குத்திக் கொன்றது. அவர்கள் குறிவைத்தது பர்க்கை. இவர் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நாலு வருஷம் கழித்து அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கலாம் என்று கிளாட்ஸ்டன் சொன்னபோது ஹார்டிங்டன் லிபரல் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறினார். தம்பி ரத்தம் ஒரு காரணம் என்பார்கள். அயர்லாந்தில் லிஸ்மோர் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். லூசி மட்டும் பழிவாங்கல் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது டியூக் விக்டரை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்கக்கூடாது. குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக 1923இல் கென்யா பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார், டெவன்ஷயர் அறிக்கை என்றே பெயர். கென்யாவில் இருந்த இந்தியர்கள் பொது வாக்காளர் பட்டியல் கேட்டார்கள், மேட்டு நிலங்களில் நிலம் வாங்கும் உரிமை கேட்டார்கள். அதற்காக லண்டன் போய் வாதாடிய இந்தியக் குழுவின் தலைவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் எவ்வளவு தூரம் என்று எங்களைக் கேட்டால் தெரியும். அவர் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே வாய் பிளந்தார்கள். ஆனாலும் மேட்டு நிலம் வெள்ளையருக்கே, இந்தியருக்குத் தனித் தொகுதிதான் என்று முடிவு வந்தது. ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி. அது இந்தியர்களை மறுப்பதற்குத்தான் பயன்பட்டது, வெள்ளையரிடமிருந்து ஒரு காணி நிலம்கூட அதனால் போகவில்லை.

அதே விக்டர் காலத்தில்தான் சொந்தச் சொத்து கரைய ஆரம்பித்தது. காரணம் வாரிசு வரி. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டனின் பழம் அச்சுப் புத்தகங்களும் ஷேக்ஸ்பியரின் ஆரம்பகால நாடகப் பதிப்புகளும் 1914இல் அமெரிக்கா போயின. பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் ஹவுஸ் 1920இல் விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. சிஸ்விக் 1929இல் போயிற்று. விக்டரின் மகள் டோரதியைக் கட்டிய ஹெரால்ட் மேக்மில்லன் பிற்பாடு பிரதமரானார். பதவி இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வழியாகத்தான் திரும்பி வந்தது.

1944 பிப்ரவரி இடைத்தேர்தல். மேற்கு டெர்பிஷயர் குடும்பத் தொகுதி மாதிரி. பத்தாவது டியூக்கின் மூத்த மகன் பில்லி நின்றார். எதிரே நின்ற சார்லி வைட் செருப்புத் தைத்தவரின் மகன். போர்க்காலத்தில் பெரிய கட்சிகளுக்குள் போட்டி இல்லை என்ற ஒப்பந்தம் இருந்ததால் லேபர் கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்றார். ராணுவ உடையில் சுற்றிவந்த பில்லி நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

தோற்ற மூன்றாம் மாதம் பில்லிக்குக் கல்யாணம். பெண் கேத்லீன் கென்னடி, ஜான் கென்னடியின் தங்கை. அவர்கள் கத்தோலிக்கர், இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கத்தை எதிர்த்தே அரசியல் செய்தவர்கள். ஆகவே செல்ஸியில் பதிவுத் திருமணம். பத்து நிமிஷத்தில் முடிந்தது. பெண் வீட்டிலிருந்து வந்தது அண்ணன் ஜோ ஒருவர்தான். எங்கள் அலுவலகத்திலும் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஆளே இருக்காது. சாட்சிக்கு வந்த சிநேகிதன்தான் மாலை வாங்கி வந்திருப்பான். பெண் கையெழுத்துப் போடும்போது வாசலைப் பார்ப்பாள். ஆகஸ்டில் ஜோ விமான விபத்தில் இறந்தார். செப்டம்பரில் பெல்ஜியத்தில் பில்லியைச் சுட்டுக் கொன்றார்கள். 1948இல் கேத்லீனும் பிரான்சில் விமானம் விழுந்து இறந்தாள். மாளிகைக்கு அருகே என்சர் கிராமக் கோயிலுக்குப் பின்னால், சரிவான புல்மேட்டில் டியூக்குகளோடு அவளைப் புதைத்திருக்கிறார்கள். அவள் கல்லுக்கு முன்னால் தரையோடு இன்னொரு சின்னப் பலகை: ஜனாதிபதி கென்னடி 1963 ஜூன் 29 அன்று இங்கே வந்தார் என்று. யாரோ வைத்த பூ காய்ந்து கிடந்தது. மகள் அதை ஓரமாக எடுத்துப் போட்டாள்.

பில்லி போனதால் தம்பி ஆண்ட்ரூ வாரிசு. அப்பா வரியிலிருந்து தப்பிக்க 1946இல் சொத்தை மாற்றி எழுதியிருந்தார். ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில், 55 வயதில், விறகு வெட்டும்போது மாரடைப்பில் விழுந்தார். இன்னும் சில மாதம் இருந்திருந்தால் போதும். வரி 80 சதவீதம். நம் நாட்டிலும் 1953இல் இப்படி ஒரு வரி வந்து 1985இல் எடுத்துவிட்டார்கள். எங்கள் பெரிய வீடுகள் எவையும் அதனால் இடிந்ததாக நினைவில்லை. அங்கே நிஜமாகவே வாங்கினார்கள். பல்லாயிரம் ஏக்கர் போனது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி போனது. பெஸ் தன் முதலெழுத்தைச் செதுக்கிய ஹார்ட்விக் ஹால் அரசுக்குப் போய் 1959இல் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. பாக்கி தீர இருபது வருஷத்துக்கும் மேலானது.

மிச்சத்தைக் காப்பாற்றியவர் ஆண்ட்ரூவின் மனைவி டெபோரா. ஹிட்லரைக் கொண்டாடிய யூனிட்டி, பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியைக் கட்டிய டயானா, கம்யூனிஸ்டான ஜெஸிகா என்ற மிட்ஃபோர்ட் சகோதரிகளுக்குக் கடைசித் தங்கை. அக்காமார்கள் சரித்திரத்தில் விழுந்து புரண்டபோது இவர் கோழி வளர்த்தார். பூட்டிக் கிடந்த வீட்டைத் துடைத்துத் திறந்து, 1977இல் பண்ணைக் கடை வைத்து, வருகிறவர்களுக்கு இறைச்சியும் ஜாமும் விற்றார். இதிலும் ஒரு பெண்தான்.

1981இல் வீட்டை அறக்கட்டளைக்கு நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிவைத்தார்கள். குடும்பம் இப்போது அதே வீட்டின் ஒரு பகுதியில் அறக்கட்டளைக்கு வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறது. சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஏற்பாட்டை இவ்வளவு சுத்தமாக எழுதிய பத்திரத்தை நான் பார்த்ததில்லை. அங்கே இசை அறைக் கதவில் ஒரு வயலின் தொங்கும். கிட்டப் போனால்தான் தெரியும், அது சாயம். கம்பி, நிழல் எல்லாமே வரைந்தது. பின்னாளில் இடித்துத் தள்ளிய லண்டன் வீட்டிலிருந்து முன்பே கழற்றி வந்த கதவு. எல்லோரும் அதைத் தொட முடியாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்ற வழிகாட்டி அம்மாளிடம் அந்தக் குத்தகைக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு கட்டினார்கள் என்று கேட்டேன். அவர் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். "அம்மா, சும்மா வாம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.